பழைய அவுட்போர்டு மோட்டாரில் கியர்பெட்டி ஆயில் சீல் மாற்றுதல்

அவுட்போர்டு மோட்டார் என்பது படகின் பின்பலகையில் கவ்விகளால் மாட்டப்பட்டு, வேண்டியபோது கழற்றித் தோளில் சுமந்து போகக்கூடிய எஞ்சின். எஞ்சின் தண்ணீருக்கு மேலே இருக்கும். அதன் சக்தி ஒரு செங்குத்தான ஷாப்ட் வழியாகக் கீழே இறங்கி, தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் கியர்பெட்டியை அடைந்து, அங்கே செங்கோணத்தில் திரும்பிப் புரொப்பெல்லரைச் சுழற்றும். எஞ்சின் பழுதானால் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும். கியர்பெட்டியின் பழுது அப்படி வெளியே தெரியாது. சில ரூபாய் ரப்பர் வளையம் ஒன்று தேய்ந்து, உள்ளே இருக்கும் எண்ணெயில் கடல்நீர் சிறிது சிறிதாகக் கலந்து, பேரிங்குகள் துருப்பிடித்து, ஒருநாள் கரையிலிருந்து பல கிலோமீட்டர் தொலைவில் கியர்கள் இறுகி நின்றுவிடும். அந்த ரப்பர் வளையம்தான் ஆயில் சீல். பழைய மோட்டார்களில் அதை மாற்றும் முறையையும் அதன் பின்னுள்ள காரணங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கியர்பெட்டியின் வாசல்கள்

அலுமினியக் கலவையில் வார்க்கப்பட்ட கியர்பெட்டிக்குள் மூன்று கூம்புப் பல்சக்கரங்கள் இருக்கும். மேலிருந்து வரும் ஷாப்டின் முனையில் ஒரு சிறிய சக்கரம், புரொப்பெல்லர் ஷாப்டில் முன்னோக்கி ஓட ஒன்று, பின்னோக்கி ஓட ஒன்று. இவை ஏறக்குறைய கால் லிட்டர் முதல் அரை லிட்டர் வரையான கியர் ஆயிலில் மூழ்கிச் சுழலும். மிகச் சிறிய மோட்டார்களில் அளவு இன்னும் குறைவு.

இந்தப் பெட்டி முழுவதும் மூடப்பட்டதாக இருந்தால் சிக்கலே இல்லை. ஆனால் சுழலும் பொருள் ஒன்று சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தாக வேண்டும். எனவே குறைந்தது மூன்று வாசல்கள் உண்டு. பின்பக்கம் புரொப்பெல்லர் ஷாப்ட் வெளிவரும் இடம் முதலாவது. மேலே, தண்ணீர்ப் பம்புக்கு அடியில், செங்குத்து ஷாப்ட் நுழையும் இடம் இரண்டாவது. கியர் மாற்றும் கம்பி இறங்கும் சிறு துளை மூன்றாவது. இவற்றோடு பேரிங் தாங்கியைச் சுற்றிய ஓ-ரிங், எண்ணெய் விடும் திருகு, காற்றுத் திருகு ஆகியவற்றின் வாஷர்களும் கணக்கில் சேரும். திருகு வாஷர் கிழிந்திருந்ததைக் கவனிக்காமல் மொத்தப் பெட்டியையும் பிரிப்பவர்கள் உண்டு. எனவே மலிவான அந்த வாஷர்களிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை.

ஆயில் சீல் பார்வைக்கு எளியது. வெளியே ஓர் இரும்பு வளையம், உள்ளே ஷாப்டைத் தொடும் ரப்பர் உதடு, அந்த உதட்டை இறுக்கிப் பிடிக்க அதன் முதுகில் மெல்லிய சுருள்வில் வளையம். தொடக்ககால இயந்திரங்களில் இதற்குத் தோலும் கயிறும் பயன்பட்டன. 1930-களில் செயற்கை ரப்பர் வந்தபின்னரே இன்றைய வடிவம் நிலைபெற்றது. உதட்டுக்கும் ஷாப்டுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை சீல் உழைக்கும். அது காய்ந்தால் ரப்பர் எரிந்து கடினமாகிவிடும்.

அதன் உழைப்பை ஒரு சிறு கணக்கில் காணலாம். 17 மி.மீ. விட்டமுள்ள புரொப்பெல்லர் ஷாப்ட் நிமிடத்துக்கு 2500 சுற்று சுற்றுவதாகக் கொள்வோம். ஒரு சுற்றுக்கு உதடு உரசும் தூரம் ஏறக்குறைய 53 மி.மீ. ஐந்து மணிநேரக் கடல் பயணம் முடிந்து திரும்பும்போது அந்த உதடு எஃகின்மேல் சுமார் 40 கி.மீ. தூரம் உரசியிருக்கும்.

தண்ணீர் எப்படி நுழைகிறது

புரொப்பெல்லர் ஓடும் ஆழம் அரை மீட்டர் அளவே. அங்கே நீரின் கூடுதல் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்குதான். இவ்வளவு சிறிய அழுத்தம் எப்படி ஒரு சீலைத் தாண்டுகிறது என்று மாணவர்கள் கேட்கலாம்.

விடை வெப்பத்தில் இருக்கிறது. ஓடும்போது கியர்பெட்டி சூடாகிறது. எண்ணெயும் அதன்மேல் எஞ்சியிருக்கும் சிறிது காற்றும் விரிகின்றன. தேய்ந்த சீல் வழியே கொஞ்சம் வெளியே கசிந்து அழுத்தம் சமமாகிவிடுகிறது. பிறகு எஞ்சினை நிறுத்தியதும் சுற்றியுள்ள நீர் பெட்டியைக் குளிர்விக்கிறது. உள்ளே இருக்கும் காற்று 70 பாகை செல்சியசிலிருந்து 30 பாகைக்கு இறங்கினால் அழுத்தம் ஏறக்குறைய 12 விழுக்காடு குறையும். இது ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட நீர்மட்டத்துக்குச் சமம். அரை மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆகவே தண்ணீர் பெரும்பாலும் உள்ளே போவது படகு ஓடும்போது அல்ல, நிறுத்தி வலை இழுக்கும்போது. ஒவ்வொரு நிறுத்தமும் ஓர் உறிஞ்சல்.

சீலைக் கெடுப்பவற்றில் முதலிடம் நைலான் நரம்புக்கு. தூண்டில் நரம்போ தங்கூசி வலையின் இழையோ புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டால், அது ஷாப்டின் வெப்பத்தில் உருகிக் கத்திபோல் சீலின் உதட்டுக்குள் இறங்கும். அடுத்தது மணல். கடைசியாக, சும்மா கிடப்பது. பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த மோட்டாரில் உதடு ஒரே இடத்தில் ஒட்டிக் காய்ந்து, முதல் ஓட்டத்திலேயே கிழியும். பழம்பொருளாகச் சேர்த்து வைக்கப்பட்ட மோட்டார்களின் சீல்கள் உழைத்துத் தேய்வதைவிட இப்படித்தான் அதிகம் போகின்றன.

சென்னைக் கரையும் அவுட்போர்டும்

நார்வேயிலிருந்து அமெரிக்கா சென்ற ஓலே எவின்ரூட் 1909-இல் மில்வாக்கி நகரில் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டாரே வணிக வெற்றி பெற்ற முதல் அவுட்போர்டு எனப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஜான்சன், எவின்ரூட் ஆகியவை பின்னர் ஒரே நிறுவனத்தின்கீழ் வந்தன. யமஹா 1960-இலும் சுசுகி 1965-இலும் தம் முதல் அவுட்போர்டுகளை வெளியிட்டன. 1980-களில் கேரளக் கடற்கரையில் மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டுகள் பெருகின. குமரி மாவட்டக் கடலோரத்துக்கும் அந்த வழக்கம் பரவியது. இலங்கையின் வடக்கில் போர்க்காலத்தில் எஞ்சின்களுக்கும் எரிபொருளுக்கும் இருந்த கட்டுப்பாடுகள், கையிலிருக்கும் பழைய மோட்டாரைப் பழுதுபார்த்தே காலம் தள்ளும் நிலைக்கு மீனவர்களைக் கொண்டுசென்றன.

சென்னைக் கரையின் கதை சற்று வேறு. இங்கே துறைமுகம் இல்லாத குப்பங்களில் படகு அலையை உடைத்துக்கொண்டு நேரே மணலில் ஏற வேண்டும். 1979-இல் தொடங்கி, மயிலாப்பூரை அடுத்த புனித மேரி சாலையில் அலுவலகம் வைத்துச் செயல்பட்ட வங்காள விரிகுடாத் திட்டம் என்ற ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் திட்டம், கரையேறும் படகுகளையும் அவற்றுக்கேற்பத் தூக்கக்கூடிய டீசல் எஞ்சின் அமைப்பையும் வடிவமைத்தது. இன்று இப்பகுதிப் பைபர் படகுகளில் நீண்ட தண்டுள்ள டீசல் எஞ்சின்கள் பரவலாகக் காணப்படுகின்றன. இவற்றில் ஷாப்ட் சாய்வாக நேரே நீரில் இறங்குவதால் நீருக்கடியில் கியர்பெட்டியே கிடையாது. இக்கட்டுரை பேசும் சீல் தொல்லையும் கிடையாது. மணலும் அலையும் உள்ள கரையில் மீனவர் அந்த எஞ்சினை விரும்பக் காரணம் டீசலின் சிக்கனம் மட்டுமல்ல என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆனாலும் அவுட்போர்டு இல்லாமல் முடியாத வேலைகள் நகருக்குள்ளேயே உண்டு. மீட்புப் படகு அவற்றில் முக்கியமானது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றின் இரு கரையும் மூழ்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போதும் தெருக்களில் படகுகள் ஓடின. தெருவெள்ளம் கடலைவிட மோசமான எதிரி. துணி, நெகிழிப் பை, கேபிள் கம்பி எல்லாம் புரொப்பெல்லரைச் சுற்றும். ஆண்டு முழுவதும் கொட்டகையில் கிடந்து இரண்டு நாள் மட்டும் ஓட வேண்டிய மோட்டாருக்கு, சும்மா கிடந்ததால் வரும் கேடும் நரம்பு சுற்றுவதால் வரும் கேடும் ஒருசேர வந்து வாய்க்கின்றன. அக்டோபருக்கு முன் அதன் எண்ணெயை ஒருமுறை பார்த்துவைப்பது வீண் வேலை அல்ல.

நோய் அறிதல்

படகை நிறுத்தி ஓர் இரவு விட்டபின், அடித்திருகை மெல்லத் தளர்த்த வேண்டும். எண்ணெயைவிடத் தண்ணீர் கனமானது. எனவே உள்ளே தண்ணீர் இருந்தால் முதலில் தெளிவான சொட்டுகள் விழும். சமீபத்தில் ஓடியிருந்தால் இரண்டும் கலந்து பால் விட்ட டீயின் நிறத்தில் வரும். கறுப்பாகவும் கருகல் நாற்றத்தோடும் வந்தால் எண்ணெய் மாற்றிப் பல காலம் ஆகிவிட்டது என்று பொருள். விரலில் தேய்த்தால் மாவுபோன்ற சாம்பல்நிறத் துகள் இருப்பது இயல்பு. ஊசிபோன்ற சில்லுகள் இருந்தால் பல்சக்கரமோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. சீல் மட்டும் மாற்றிப் பயனில்லை.

பழைய ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் ஓர் எச்சரிக்கை உண்டு. எண்ணெய்த் திருகுக்கு அருகில் கூட்டல் குறித் தலையுடன் இன்னொரு திருகு சில மாதிரிகளில் இருக்கும். அது கியர் மாற்றும் நெம்புகோலைத் தாங்கும் அச்சு. எண்ணெய்த் திருகு என்று நினைத்து அதைக் கழற்றினால் உள்ளே நெம்புகோல் நழுவிவிடும். பிறகு பெட்டியைப் பிரிக்காமல் அதைத் திரும்ப மாட்ட முடியாது.

பிரித்தல்

முதல் வேலை ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுவது. புரொப்பெல்லரைக் கையால் சுற்றும்போது எஞ்சின் உயிர்பெற்றால் விரல் போய்விடும். பிறகு எண்ணெயை ஒரு பாத்திரத்தில் வடிக்க வேண்டும், கூவத்திலோ சாக்கடையிலோ அல்ல. புரொப்பெல்லரை எடுத்தவுடன் ஷாப்டைச் சுற்றி நரம்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். குற்றவாளி பெரும்பாலும் அங்கேயே அகப்படும்.

கியர் கம்பியின் இணைப்பை விடுவித்து, போல்ட்டுகளைக் கழற்றினால் கியர்பெட்டி மேல்பாகத்திலிருந்து இறங்கும். உப்புநீரில் ஓடிய மோட்டாரில் இந்தச் சொற்றொடர் எழுதுவதற்குத்தான் எளிது. எஃகு போல்ட்டும் அலுமினியமும் உப்பில் சேர்ந்தால் வெள்ளைப் பொடியாக அரித்து ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். பலத்தைக் காட்டினால் போல்ட் தலை முறியும். துருநீக்கும் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிடுவது, அலுமினியப் பக்கத்தை அளவாகச் சூடாக்குவது, இறுக்கும் திசையில் சற்றே அசைத்துப் பிறகு தளர்த்துவது ஆகியவை பட்டறைகளில் கைகண்ட வழிகள். ஒரு போல்ட்டுக்கு அரை நாள் செலவாவதில் வெட்கமில்லை.

மேலே தண்ணீர்ப் பம்பைக் கழற்றும்போது அதன் ரப்பர் இம்பெல்லரையும் மாற்றிவிட வேண்டும். இவ்வளவு தூரம் பிரித்தபின் பழைய இம்பெல்லரையே மாட்டுவது கஞ்சத்தனம். பம்புக்கு அடியில் செங்குத்து ஷாப்டின் சீல்கள் தெரியும். பின்பக்கத்தில் பேரிங் தாங்கியைப் புல்லர் கொண்டு நேராக இழுக்க வேண்டும். திருப்புளியால் ஒரு பக்கம் நெம்பினால் ஓ-ரிங் அமரும் முகம் கீறிவிடும்.

பழைய சீலை எடுப்பதற்கு முன் செய்யவேண்டியது, அது எந்தப் பக்கம் பார்த்து அமர்ந்திருக்கிறது என்பதையும் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்வது. ஒரு படம் எடுத்துவைத்தால் போதும். எடுக்கும்போது சீலின் உடம்பு கிழியலாம், அது அமர்ந்திருந்த துளையின் சுவரில் கீறல் விழக்கூடாது.

சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் சீல் தேடுதல்

1734-இல் நெசவாளர்களைக் குடியமர்த்தி உருவான சிந்தாதிரிப்பேட்டையின் பெயர் சின்னத் தறிப் பேட்டை என்பதிலிருந்து வந்ததாகக் கூறுவர். இன்று வெளியாருக்கு அதன் மீன் சந்தை பழக்கம். இயந்திரம் பழுதுபார்ப்போருக்கு அது வேறொரு வகையில் வசதியான மையம். கூவத்தின் மறுகரையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டை. அண்ணா சாலையைக் கடந்தால் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. அவுட்போர்டுக்கென்றே சீல் கேட்டால் கிடைப்பது அரிது. ஆனால் சீலுக்கு மோட்டாரின் பெயர் தெரியாது, அளவுதான் தெரியும்.

சீலின் முகத்தில் மூன்று எண்கள் அச்சாகியிருக்கும்: ஷாப்டின் விட்டம், வெளிவிட்டம், தடிமன். டிசி என்ற எழுத்துகள் இருந்தால் தூசி தடுக்கும் கூடுதல் உதடும் உண்டு என்று பொருள். எஸ்சி என்றால் ஒற்றை உதடு. எண் அழிந்திருந்தால் பழைய சீலை அளந்து கடைக்குப் போகக்கூடாது. அது எண்ணெயில் ஊறி உப்பியிருக்கும், உதடும் தேய்ந்திருக்கும். வெர்னியர் கொண்டு ஷாப்டையும் துளையையும் அளந்து அந்த அளவுகளையே கேட்க வேண்டும்.

ஜப்பானிய மோட்டார்களுக்கு மி.மீ. அளவு என்பதால் ஸ்கூட்டர், கார், பம்பு செட் சீல்களில் ஒன்று பொருந்திவிட வாய்ப்புண்டு. பழைய அமெரிக்க மோட்டார்கள் அங்குல அளவில் ஆனவை. முக்கால் அங்குல ஷாப்ட் என்பது 19.05 மி.மீ. அதில் 19 மி.மீ. சீல் எளிதாக நுழையும். ரப்பர் அந்த வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் ஒன்றேகால் அங்குலத் துளை என்பது 31.75 மி.மீ. அதற்குள் 32 மி.மீ. சீலைத் தட்டி இறக்கினால் இரும்பு வளையம் கோணும், அல்லது துளை வெடிக்கும். கால் மில்லிமீட்டர்தானே என்று சொல்லும் கடைக்காரரை நம்ப வேண்டியதில்லை. எவின்ரூட் தயாரிப்பு 2020-இல் நிறுத்தப்பட்டுவிட்டாலும், பழைய மாதிரிகளுக்கான சீல் தொகுப்புகளைப் பிற நிறுவனங்கள் இன்னும் செய்வதால் அங்குல அளவை வரவழைப்பதே நேர்வழி.

இன்னொரு வேறுபாடு கண்ணுக்குத் தெரியாதது. வாகனச் சீலின் சுருள்வில் சாதாரண எஃகு. கடல்நீரில் அது சில மாதங்களில் துருவாகி அறும். உதட்டின் பிடி போய்விடும். கடல் மோட்டாருக்கான சீலில் துருப்பிடிக்காத எஃகு வில் இருக்கும். பெரும்பாலான மோட்டார்களில் ஒரே இடத்தில் இரண்டு சீல்கள் அடுத்தடுத்து அமரும். எண்ணெயைப் பார்க்கும் உட்சீலுக்கு வாகனக் கடைச் சரக்கு போதும். தண்ணீரைப் பார்க்கும் வெளிச்சீலுக்கு மட்டுமாவது கடலுக்கென்று செய்ததை வாங்குவது நல்லது. ஏரியிலும் தெருவெள்ளத்திலும் ஓடும் படகுக்கு இந்தக் கண்டிப்பு அவ்வளவு தேவையில்லை.

ஷாப்டின் தடம்

புதுச் சீல் போட்டும் ஒழுகுகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் ஷாப்ட்தான் காரணம். பழைய உதடு ஓடிய இடத்தில் எஃகின்மேல் பளபளப்பான வளையத் தடம் இருக்கும். ரப்பர் எஃகைத் தேய்க்குமா என்று வியக்கலாம்; உதட்டில் பதிந்த மணல்தான் தேய்க்கிறது. நகத்தை அதன்மேல் ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் தட்டாமல் போனால் மெல்லிய உப்புத்தாளால் ஷாப்டைச் சுற்றும் திசையிலேயே மெருகேற்றினால் போதும். குறுக்காகத் தேய்த்தால் அந்தக் கோடுகளே எண்ணெய்க்கு வாய்க்காலாகிவிடும்.

நகம் சிக்கினால் மூன்று வழிகள். இடம் இருந்தால் சீலை ஒன்றிரண்டு மி.மீ. முன்னே பின்னே அமர்த்தி, உதட்டைத் தேயாத பகுதியில் ஓடவிடலாம். ஷாப்டின்மேல் மெல்லிய எஃகுக் குழல் ஏற்றலாம். கடைசியாக, வெல்டிங் வைத்துக் கடைந்துதரும் லேத் பட்டறை. இந்த மூன்றாவதில் ஷாப்ட் சற்றே வளைந்துவிடும் ஆபத்து உண்டு. வளைந்த ஷாப்ட் எந்தச் சீலையும் வாழவிடாது. முதல் வழிக்கு இடமிருக்கும்போது அதைத் தாண்டிப் போகத் தேவையில்லை.

பொருத்துதல்

இரண்டு சீல்கள் உள்ள இடத்தில் பொதுவான விதி, முதுகோடு முதுகு. உட்சீலின் வில் உள்ள பக்கம் எண்ணெயைப் பார்க்கும். அது எண்ணெயைக் காக்கும். வெளிச்சீலின் வில் உள்ள பக்கம் தண்ணீரைப் பார்க்கும். அது தண்ணீரைத் தடுக்கும். அழுத்தம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் உதட்டை ஷாப்டோடு இறுக்கும் என்பது இதன் காரணம். ஆனால் சில மாதிரிகளில், குறிப்பாக மேல் ஷாப்டில், இரண்டும் தண்ணீரையே பார்க்கும். பிரிக்கும்போது எடுத்த படம் இங்கேதான் உதவும்.

உதடுகளுக்கு இடையிலுள்ள குழியில் நீர்புகாக் கிரீஸ் நிரப்ப வேண்டும். முதல் சில நிமிடங்கள் எண்ணெய் வந்துசேரும்வரை உதட்டைக் காப்பதும் வில்லைத் துருவிலிருந்து காப்பதும் அதுதான். சீலின் வெளிவிட்டத்துக்குச் சற்றே குறைவான குழாயோ சாக்கெட்டோ வைத்து, நேராக, மெல்ல அழுத்தி இறக்க வேண்டும். சுத்தியால் ஒரு ஓரத்தில் தட்டினால் சீல் சாய்ந்து அமரும். ஷாப்டைச் செருகும்போது அதன் பல்வரிகள் புது உதட்டைக் கிழிக்காதிருக்க மெல்லிய டேப் சுற்றிக்கொள்ளலாம். ஓ-ரிங்கையும் எல்லா வாஷர்களையும் புதிதாகவே போட வேண்டும்.

காற்றுச் சோதனை

எண்ணெய் ஊற்றுவதற்கு முன் காற்றடித்துப் பார்ப்பதைப் பலர் தவிர்க்கிறார்கள். பத்து நிமிட வேலையைத் தவிர்த்து மறுபடி முழுவதும் பிரிக்க நேரும். காற்றுத் திருகின் துளையில் அழுத்தமானி உள்ள கைப்பம்பை இணைத்து, முதலில் 3 முதல் 6 பிஎஸ்ஐ வரை ஏற்ற வேண்டும். சில சீல்கள் உயர்ந்த அழுத்தத்தில் அடைத்துக்கொண்டு குறைந்த அழுத்தத்தில்தான் ஒழுகும் என்பதால் இந்த முதல் படி. பிறகு தயாரிப்பாளர் கையேடு சொல்லும் அளவுக்கு, பொதுவாக 10 பிஎஸ்ஐக்கு மேல், உயர்த்திச் சில நிமிடம் முள் இறங்குகிறதா என்று பார்க்கலாம். சைக்கிள் பம்பு அளவுக்கு மீறி ஏற்றிப் புதுச் சீலையே வெளியே தள்ளிவிடக்கூடும் என்பதால் மானி கட்டாயம். சோதனையின்போது ஷாப்டைக் கையால் சுற்றவும் கியர் கம்பியை மேலும் கீழும் அசைக்கவும் வேண்டும். முள் இறங்கினால் பெட்டியை ஒரு வாளி நீரில் அமிழ்த்தினால் குமிழி வரும் இடமே குற்றவாளி.

காற்றழுத்தம் எண்ணெய் வெளியேறுமா என்பதைச் சொல்லும். தண்ணீர் உள்ளே வருமா என்பதற்கு எதிர்ச்சோதனை வேண்டும். அதாவது காற்றை உறிஞ்சி வெற்றிடம் ஏற்படுத்திப் பார்க்க வேண்டும். மேலே கண்ட குளிர்ச்சி உறிஞ்சலைக் கரையிலேயே நடத்திப் பார்ப்பதுதான் இது.

எண்ணெயை அடித்துளை வழியாகக் கீழிருந்து மேலாக ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று அடைபட்டுப் பெட்டி பாதிதான் நிறையும். மேல்துளையில் குமிழியில்லாமல் எண்ணெய் வழிந்தபின், முதலில் மேல்திருகையும் பிறகு அடித்திருகையும் மூட வேண்டும். இந்த வரிசையில் மூடினால், கீழே எடுத்து மாட்டும் நேரத்தில் எண்ணெய் கொட்டாது. முதல் ஓட்டத்துக்குப் பின் ஓர் இரவு விட்டு, அடித்திருகை அரைச்சுற்று தளர்த்தி ஒரு சொட்டைப் பார்க்க வேண்டும். சொட்டு தேன்நிறத்தில் இருந்தால் படகைக் கடலுக்கு விடலாம்.